சமகாலக் கலை அருங்காட்சியகத்தின் கியூரேட்டர் துறையை ஏற்று நடத்துவது எப்படி? முழுமையான வழிகாட்டி

நல்ல கண்காட்சிகள் செய்து பெயர் வாங்கிய கியூரேட்டர்கள் (படைப்புகளைத் தேர்ந்தெடுத்துக் கண்காட்சி அமைப்பவர்கள்), துறைத் தலைவராக வந்ததும் தடுமாறுவதைப் பலமுறை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். வந்த வாரமே அடுத்த கண்காட்சிக்கான கலைஞர் பட்டியலை எழுத உட்கார்ந்துவிடுகிறார்கள். பட்டியல் நன்றாகவே இருக்கும். ஆனால் செலவுக்குக் கையெழுத்து போடும் அதிகாரம் யாருக்கு, படைப்புகளைச் சேமித்து வைக்கும் ஸ்டோரில் என்ன இருக்கிறது, எந்தக் கூடத்தில் இரவில் ஏசியை அணைத்துவிடுகிறார்கள் என்பதெல்லாம் தெரியாமல் எழுதியது அது. பாதி வழியில் நின்றுவிடும்.

இந்தியாவில் அறக்கட்டளையோ அரசோ நடத்தும் ஒரு நடுத்தர அருங்காட்சியகத்தை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். படிகளை இதே வரிசையில் செய்யுங்கள். முன்னால் உள்ளவை முடியாமல் பின்னால் உள்ளவற்றைத் தொட்டால், இரண்டையும் மறுபடி செய்ய வேண்டியிருக்கும்.

1. பதவி ஏற்கும் முன் எழுத்தில் வாங்க வேண்டியவை

மூன்று கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள். கண்காட்சிக்கு இறுதி ஒப்புதல் தருவது யார்? எந்தத் தொகை வரை நீங்களே செலவிடலாம்? இரவல் ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவது யார்? நேர்காணலில் வாய்மொழியாக "உங்களுக்கு முழுச் சுதந்திரம்" என்பார்கள். அறங்காவலர் ஒருவர் தனக்குப் பிடித்த ஓவியரைக் கொண்டுவரும் நாளில் அந்த வாய்மொழி உதவாது.

தனியார் அருங்காட்சியகம் என்றால் நான்காவது கேள்வியும் உண்டு. சேகரிப்பில் எவை அறக்கட்டளையின் சொத்து, எவை நிறுவனர் குடும்பத்துக்குச் சொந்தமாகி இங்கே வைக்கப்பட்டவை? குடும்பத்தின் படைப்பை உங்கள் விருப்பப்படி வெளியூருக்கு அனுப்பவோ, சீரமைக்கவோ முடியாது. காப்பீடும் வேறு பெயரில் இருக்கும்.

உங்கள் பக்கத்திலிருந்தும் ஒரு தாள் போக வேண்டும். உங்களிடம் சொந்தமாக இருக்கும் கலைப் படைப்புகள், நீங்கள் ஆலோசகராக இருந்த கேலரிகள், கலைஞரான நெருங்கிய உறவினர்கள் எல்லாவற்றையும் அதில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். அருங்காட்சியகத்தோடு போட்டி போட்டுத் தனக்கென்று சேகரிக்கக் கூடாது, கலைப்பொருள் வியாபாரத்தில் இறங்கக் கூடாது என்பது உலக அருங்காட்சியகங்களின் மன்றமான ஐகாமின் நெறிமுறை. ஒரு கலைஞருக்குப் பெரிய கண்காட்சி வைத்தால் அவர் படைப்பின் சந்தை விலை ஏறும். அந்த விலையேற்றத்தில் உங்களுக்குப் பங்கு இருக்கக் கூடாது, இருப்பதாக யாரும் நினைக்கவும் இடம் தரக் கூடாது.

2. முதல் மாதம் முழுக்க ஸ்டோரில்

அறைக்கதவைத் திறந்து பார்த்துவிட்டு வருவது போதாது. படைப்புகளின் பதிவேட்டைக் கவனிக்கும் ரெஜிஸ்ட்ராரைக் கூட வைத்துக்கொண்டு இருவழிச் சோதனை செய்யுங்கள். பதிவேட்டிலிருந்து இருபது எண்களைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்து, அவை அலமாரியில் இருக்கின்றனவா என்று தேடுங்கள். அடுத்து அலமாரியிலிருந்து இருபது படைப்புகளை எடுத்து, அவை பதிவேட்டில் இருக்கின்றனவா என்று பாருங்கள். முதல் சோதனை காணாமல் போனதைக் காட்டும். இரண்டாவது, கணக்கில் வராமலே உள்ளே வந்ததைக் காட்டும். பலர் முதல் சோதனையோடு நிறுத்திவிடுகிறார்கள். சமகாலக் கலை அருங்காட்சியகத்தில் தலைவலி பெரும்பாலும் இரண்டாவதில்தான் இருக்கிறது.

பழைய கண்காட்சிக்கு இரவல் வந்து திரும்பிப் போகாத படைப்பு, கலைஞர் விட்டுச்சென்ற கம்பிச்சுருள், நிறுவல் (பல பொருள்களை ஓர் இடத்தில் அமைத்துச் செய்யும் படைப்பு) ஒன்றின் மீதிச் செங்கற்கள் என ஒரு மூலையில் ஏதாவது கிடக்கும். எது படைப்பு, எது கழிவு என்று பார்த்த மாத்திரத்தில் சொல்ல முடியாது. எதையும் தூக்கி எறியாதீர்கள், எதையும் பதிவேட்டில் ஏற்றவும் செய்யாதீர்கள். புகைப்படம் எடுத்து, தற்காலிக எண் கொடுத்து, கலைஞருக்கோ அவர் குடும்பத்துக்கோ எழுதிக் கேளுங்கள்.

நிரந்தர எண்ணுக்கு ஆண்டு, வரிசை, உறுப்பு என்ற மூன்றடுக்கு முறை வசதியானது. 2019.14.3 என்றால் 2019இல் சேர்ந்த பதினான்காவது படைப்பின் மூன்றாம் பகுதி. ஐம்பது துண்டுகள் கொண்ட நிறுவலில் மூன்றாம் அடுக்கு இல்லாவிட்டால், ஒரு துண்டு தொலைந்தது மறுபடி நிறுவும் நாளில்தான் தெரியவரும்.

3. ஆட்களும் வேலைப் பிரிவும்

ரெஜிஸ்ட்ரார், கன்சர்வேட்டர் (படைப்புகளைச் சீரமைத்துப் பாதுகாப்பவர்), கியூரேட்டர் ஆகிய மூன்று வேலைகளையும் ஒரே ஆள் பார்க்கும் இடங்கள் நம் ஊரில் நிறைய. பணம் இல்லாததால் அப்படி. இருந்தாலும் ஒரு பிரிவினையை விட்டுக்கொடுக்காதீர்கள். படைப்பைத் தேர்ந்தெடுப்பவரும் அதன் நிலையைச் சான்றளிப்பவரும் வேறு வேறு ஆட்களாக இருக்க வேண்டும். தேர்ந்தெடுத்தவருக்கு அந்தப் படைப்பு எப்படியாவது சுவரில் ஏற வேண்டும். விரிசல் அவர் கண்ணில் சிறிதாகத்தான் படும்.

முழுநேரக் கன்சர்வேட்டர் வைக்க முடியாவிட்டால், கண்காட்சி தொடங்கும்போதும் முடியும்போதும் வந்து பார்க்கிற ஒருவரோடு ஆண்டு ஒப்பந்தம் போடுங்கள்.

அப்புறம், இளநிலைக் கியூரேட்டர்கள். அவர்களிடம் கேட்லாக் திருத்தத்தையும் மின்னஞ்சல் பதிலையும் மட்டும் கொடுத்து வைத்திருப்பது பெரிய தவறு. சிறிய கூடம் ஒன்றை முழுப் பொறுப்போடு கொடுங்கள், பட்ஜெட் உட்பட. பணக் கணக்கு பார்க்காத கியூரேட்டர் இன்னொரு துறைத் தலைவராக வளரவே முடியாது.

4. சேகரிப்புக் கொள்கை

ஐந்தாறு பக்கம் போதும். எந்தக் காலம், எந்த நிலப்பகுதி, எந்த ஊடகம், எதை வாங்க மாட்டோம் ஆகியவை அதில் இருக்க வேண்டும். கடைசி வரிதான் அன்றாடம் பயன்படும். நன்கொடையாக வரும் படைப்பை மரியாதையாக மறுக்க, "கொள்கையில் இல்லை" என்ற பதில் யாரையும் புண்படுத்தாது.

விலக்கும் விதியையும் இதிலேயே எழுதிவிடுங்கள். சேகரிப்பிலிருந்து ஒன்றை விற்றால், அந்தப் பணம் சேகரிப்புக்கே போக வேண்டும், சம்பளத்துக்கும் கட்டடத்துக்கும் அல்ல. அமெரிக்காவில் டெலவேர் கலை அருங்காட்சியகம் 2014இல் கடனை அடைக்க ஓவியத்தை விற்றபோது, அந்நாட்டுக் கலை அருங்காட்சியக இயக்குநர்கள் சங்கம் தன் உறுப்பினர்களிடம் அதற்கு இரவல் கொடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டது. பணமுடை வந்த பிறகு இந்த விதியை எழுத உட்கார்ந்தால் யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஆகவே அமைதியான ஆண்டில் எழுதுங்கள்.

5. வாங்கும் முன் கேட்க வேண்டியவை

புதியவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இது. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கித்தானில் தீட்டிய எண்ணெய் ஓவியம் எப்படி மூப்படையும் என்று ஓரளவு தெரியும். சமகாலப் படைப்பில் அந்த உறுதி இல்லை. அமெரிக்கச் சிற்பி ஈவா ஹெஸ் 1969இல் லேடெக்ஸ் ரப்பரைக் கொண்டு செய்த பெரிய படைப்பு ஒன்று நியூயார்க்கின் கூகன்ஹெய்ம் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ரப்பர் இறுகி நிறம் மாறிப் பல பத்தாண்டுகள் ஸ்டோரிலேயே கிடந்தது. நீண்ட ஆய்வுக்கும் சீரமைப்புக்கும் பிறகு 2022இல்தான் மறுபடி காட்டினார்கள். வீடியோக் கலைஞர் நாம் ஜூன் பைக்கின் படைப்புகள் பழைய குழாய்த் திரைத் தொலைக்காட்சிகளை நம்பியவை. அந்தக் குழாய்களை இப்போது யாரும் தயாரிப்பதில்லை. பெங்களூருவின் ஷீலா கௌடா மாட்டுச் சாணத்திலும் குங்குமத்திலும் தலைமுடிக் கயிற்றிலும் வேலை செய்கிறவர். இவற்றுக்குப் பூச்சியும் ஈரமும் முதல் எதிரி. எங்கே வைத்தாலும் அவற்றுக்கென்று தனிக் கண்காணிப்பு வேண்டும்.

ஆகவே, விலை பேசும் முன் கலைஞரிடமே உட்கார்ந்து கேளுங்கள். பதிவும் செய்துகொள்ளுங்கள். இந்தப் பொருள் அழிந்தால் வேறு பொருள் வைத்து மாற்றலாமா? மங்கினால் மங்கட்டுமா, அல்லது புதிதாகச் செய்ய வேண்டுமா? திரையின் வடிவம் படைப்பின் பகுதியா, வெறும் கருவியா? அறையின் அளவு மாறினால் என்ன செய்வது? கலைஞர் உயிரோடு இருக்கும்போது அரைமணி நேரத்தில் கிடைக்கும் பதிலை, பின்னால் எந்த ஆய்வாலும் பெற முடியாது.

வீடியோ என்றால் பென் டிரைவை வாங்கிப் பெட்டியில் போடுவது வாங்கியதாகாது. மூலக் கோப்பு, காட்சிக்கான பிரதி, எத்தனை பதிப்பில் இது எத்தனையாவது, கையெழுத்திட்ட சான்றிதழ், ஒலி அளவும் திரை அளவும் சொல்லும் நிறுவல் குறிப்பு என்று எல்லாம் வர வேண்டும். கோப்பை இரண்டு வேறு கட்டடங்களில் சேமித்து, ஆண்டுக்கொருமுறை திறந்து ஓட்டிப் பாருங்கள்.

நம் நாட்டுக்கே உரிய சட்டச் சிக்கலும் உண்டு. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள், கலைக்கருவூலச் சட்டத்தின் கீழ் ரவி வர்மா, அம்ரிதா ஷேர்கில், ஜாமினி ராய், நந்தலால் போஸ் உள்ளிட்ட ஒன்பது பேரின் படைப்புகள் கலைக்கருவூலம் என அறிவிக்கப்பட்டவை. அவற்றை விற்பதற்காக நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோக முடியாது. சமகாலக் கண்காட்சியில் ஒப்பீட்டுக்காக இவற்றில் ஒன்றைச் சேர்த்து வெளிநாட்டுக்கு அனுப்பத் திட்டமிட்டால், தற்காலிக அனுமதிக்குத் தொல்லியல் துறையிடம் போக வேண்டும். அதற்கான மாதங்களைக் கணக்கில் சேருங்கள்.

6. நாள்காட்டியைப் பின்னாலிருந்து எழுதுவது

திறப்பு நாளை முதலில் குறித்துவிட்டுப் பின்னோக்கி வாருங்கள். பெரிய கண்காட்சிக்கு ஒன்றரை முதல் இரண்டு ஆண்டு வேண்டும். வெளிநாட்டு இரவல் கோரிக்கை ஓராண்டுக்கு முன்பாவது போக வேண்டும். கொடுப்பவர்களின் குழு ஆண்டுக்குச் சில முறைதான் கூடும். ஒரு கூட்டத்தைத் தவறவிட்டால் மாதங்கள் போய்விடும்.

படைப்புகளை விளக்கும் சுவர் எழுத்து அச்சுக்குப் போவது திறப்புக்கு ஒரு மாதம் முன்பே நடக்கட்டும். கூடத்தில் பெயிண்ட் அடித்தபின் குறைந்தது ஒரு வாரம் காய விடுங்கள். ஈரப் பெயிண்டிலிருந்து வரும் ஆவி காகிதத்துக்கும் உலோகத்துக்கும் கெடுதல். சென்னை மாதிரிக் கடலோர ஊர்களில், நவம்பரில் கண்காட்சி மாற்றும் வேலையை வைக்காதீர்கள். மழைக்காலத்தில் சரக்குக் கதவைத் திறந்து வைக்கும் ஒவ்வொரு மணி நேரமும் கூடத்தின் ஈரப்பதத்தைக் கெடுக்கும்.

கண்காட்சிகளுக்கு நடுவே கூடம் காலியாக இருக்க வேண்டிய நாட்களையும் எழுதுங்கள். "காலியாக வைத்தால் டிக்கெட் வருமானம் போகுமே" என்று நிர்வாகம் கேட்கும். அந்த நாட்களில் நடக்கும் வேலையின் பட்டியலை அவர்கள் கையில் கொடுங்கள். பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள்.

7. கலைஞருடன் ஒப்பந்தம்

நட்பின் பேரில் ஒப்பந்தம் இல்லாமல் தொடங்குவது இங்கே வழக்கம். நட்பைக் காப்பாற்ற விரும்பினால் முதலில் தாளில் எழுதுங்கள்.

கலைஞருக்கான கட்டணமும் தயாரிப்புச் செலவும் வேறு வேறு வரிகளாக இருக்க வேண்டும். ஒரே தொகையாகக் கொடுத்தால், நல்ல மரம் வாங்கிய கலைஞர் தன் கூலியை இழப்பார். வரிப் பிடித்தம் போகக் கையில் எவ்வளவு வரும் என்பதை முன்கூட்டியே சொல்லுங்கள். பாதித் தொகையைத் தொடக்கத்திலேயே கொடுங்கள்.

அடுத்தது காப்புரிமை (காப்பிரைட்). படைப்பை வாங்கினால் அதன் காப்புரிமையும் வந்துவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். வராது. இந்தியச் சட்டப்படி அது கலைஞரின் வாழ்நாளும் அதற்கு மேல் 60 ஆண்டும் நீடிக்கும். 1977இல் மறைந்த கே.சி.எஸ். பணிக்கரின் ஓவியத்தை அஞ்சலட்டையில் அச்சிட, 2037ஆம் ஆண்டு முடியும்வரை உரிமையாளரின் அனுமதி வேண்டும்.

சொல்லிச் செய்வித்த படைப்பில் நிலைமை தலைகீழாகலாம். பணம் கொடுத்து வரைவித்த ஓவியத்துக்கும் எடுப்பித்த படத்துக்கும், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, சொல்லிச் செய்வித்தவரே முதல் உரிமையாளர் என்று 1957ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. கலைஞருக்குத் தெரியாமலே அவர் உரிமை கைமாறிவிடும். நீங்கள் நேர்மையாக நடக்க விரும்பினால், காப்புரிமை கலைஞரிடமே இருக்கும் என்று ஒரு வரி எழுதி, உங்களுக்குத் தேவையான பயன்பாடுகளுக்கு மட்டும் அனுமதி வாங்குங்கள்.

அந்த அனுமதியில் காலமும் நிலப்பரப்பும் கட்டாயம் இருக்கட்டும். எழுதாவிட்டால் சட்டம் அதை ஐந்தாண்டு என்றும் இந்தியாவுக்குள் என்றும் எடுத்துக்கொள்ளும். இணையதளத்தில் நிரந்தரமாக இருக்கும் படத்துக்கு இது போதாது.

படைப்பை மாற்றுவது, பிரிப்பது பற்றியும் எழுதுங்கள். டெல்லி விஞ்ஞான் பவனில் இருந்த அமர்நாத் சேகலின் வெண்கலச் சுவர்ச் சிற்பத்தை அரசு கழற்றி எடுத்துச் சேதப்படுத்திய வழக்கில், 2005இல் டெல்லி உயர் நீதிமன்றம் சிற்பத்தைக் கலைஞரிடமே திருப்பிக் கொடுக்கவும் இழப்பீடு தரவும் உத்தரவிட்டது. சிற்பம் அரசின் சொத்தாக இருந்தும் தீர்ப்பு அப்படி வந்தது. சுவரோடு சேர்ந்த படைப்பை ஏற்கும்போது, கட்டடத்தை இடிக்க நேர்ந்தால் என்ன செய்வோம் என்பதையும் அன்றே பேசிவிடுங்கள்.

8. இரவல், பயணம், சுங்கம்

இரவல் கேட்கும்போது உங்கள் கட்டட அறிக்கையையும் சேர்த்தே அனுப்புங்கள். தீயணைப்பு, காவல், ஈரப்பதப் பதிவு, சரக்கு லிஃப்டின் அளவு எல்லாம் அதில் இருக்க வேண்டும். கதவின் அகலத்தைக் காகிதத்திலிருந்து எழுதாமல் டேப் வைத்து அளந்து எழுதுங்கள். பெட்டியின் அளவு படைப்பைவிடப் பெரியது என்பதைப் புதியவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

காப்பீடு, படைப்பு அதன் சொந்தச் சுவரின் ஆணியிலிருந்து இறங்குவது முதல் திரும்ப அதே ஆணியில் ஏறுவது வரை இருக்கட்டும். பயணத்துக்கு மட்டும் எடுத்தால், பெட்டி பிரிக்கும்போது நேரும் சேதத்துக்கு யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள்.

வெளிநாட்டிலிருந்து கண்காட்சிக்காக வந்து திரும்பும் படைப்புகளுக்கு ஏ.டி.ஏ. கார்னே என்ற சுங்க ஆவணம் பயன்படும். சுங்கவரி கட்டாமல் உள்ளே வந்து வெளியே போக அது உதவும். ஓராண்டுதான் செல்லும். இங்கிருந்து போகும் படைப்புகளுக்கு அதை இந்திய வர்த்தக, தொழில் கூட்டமைப்பான ஃபிக்கி வழங்குகிறது. கண்காட்சியை நீட்டிக்கும் முன் கார்னேயின் தேதியைப் பாருங்கள்.

9. ஒளியும் ஈரமும்

காகிதம், புகைப்படம், துணி ஆகியவற்றுக்கு 50 லக்ஸ் (படைப்பின் மேல் விழும் ஒளியை அளக்கும் அலகு). எண்ணெய் ஓவியத்துக்கு 200 லக்ஸ் வரை. சேதம் மொத்த ஒளியைப் பொறுத்தது. 50 லக்ஸில் நாளுக்கு 8 மணி நேரம், 90 நாள் வைத்தால் 36,000 லக்ஸ்-மணி. அதே படைப்பை அடுத்த கண்காட்சிக்கும் கேட்டால் இந்தக் கணக்கைப் பார்த்துவிட்டுச் சரி சொல்லுங்கள்.

ஈரப்பதத்துக்கு, பெரிய அருங்காட்சியகங்கள் சேர்ந்து ஏற்றுக்கொண்ட பிசோ வழிமுறை 40 முதல் 60 சதவீதம் வரையும், வெப்பம் 16 முதல் 25 டிகிரி வரையும் அனுமதிக்கிறது. நம் ஊரில் 24 மணி நேர ஏசிக்குப் பணம் இல்லாத இடங்கள் உண்டு. அங்கே பகலில் குளிர வைத்து இரவில் அணைப்பதுதான் மிக மோசம். ஈரம் தினமும் ஏறி இறங்கும்போது மரமும் வண்ணமும் வெவ்வேறு அளவில் விரிந்து சுருங்கி, வண்ணம் பெயர்கிறது. அத்தகைய கூடத்தில் நுட்பமான படைப்புகளைத் திறந்தபடி காட்டாதீர்கள். அவற்றை மூடிய கண்ணாடிப் பேழையில் வைக்கலாம்.

10. சுவர் எழுத்து

ஒரு படைப்புக்கு அறுபது எழுபது சொற்களுக்கு மேல் வேண்டாம். நின்றுகொண்டு படிக்கிறவர்கள் அதற்கு மேல் தாங்க மாட்டார்கள். பார்வையாளர் கண்ணால் பார்க்கக்கூடியதில் தொடங்குங்கள். கோட்பாட்டுச் சொற்களைக் கேட்லாக்குக்கு அனுப்பிவிடுங்கள்.

தமிழில் எழுதுவதானால் தமிழிலேயே எழுதுபவரிடம் கொடுங்கள். ஆங்கிலப் பிரதி முடிந்த பிறகு கடைசி வாரத்தில் மொழிபெயர்ப்பது என்ற நடைமுறையால்தான் அருங்காட்சியகத் தமிழ் யாரும் படிக்காத தமிழாக இருக்கிறது. கொழும்பில் 2019இல் தொடங்கிய நவீன, சமகாலக் கலை அருங்காட்சியகம் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் இயங்குகிறது. மனம் வைத்தால் முடியும்.

வடிவமைப்பில் ஒரு எச்சரிக்கை. பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில் வேர்ல்டு-ரெடி கம்போசர் என்ற அமைப்பைத் தேர்ந்தெடுக்காவிட்டால் கொம்பும் காலும் இடம் மாறிவிடும். வடிவமைப்பாளருக்குத் தமிழ் தெரியாவிட்டால் அது அவர் கண்ணில் படாது. நிஜ அளவில் ஒரு தாளை அச்சிட்டு, தமிழ் படிக்கத் தெரிந்த இருவரிடம் காட்டிய பிறகே, சுவரில் ஒட்டும் வினைலில் வெட்ட அனுப்புங்கள்.

11. எதிர்ப்பு வரும் முன்

ஒரு படைப்பைக் கூடத்திலிருந்து எடுக்கும் அதிகாரம் யாருக்கு என்பதைக் கண்காட்சி தொடங்கும் முன் எழுதுங்கள். எழுதாத இடத்தில், ஞாயிற்றுக்கிழமை வரும் ஒரு தொலைபேசி அழைப்புக்குப் பயந்து மேலாளர் எடுத்துவிடுவார். அதன்பின் கலைஞரின் நம்பிக்கை போய்விடும். மற்றக் கலைஞர்களும் தங்கள் படைப்புகளைத் திரும்பக் கேட்பார்கள்.

பிரச்சினை வரக்கூடிய படைப்புகளை வழக்கறிஞரிடம் காட்டி ஒரு பக்கக் கருத்து வாங்கி வையுங்கள். வெளிநாட்டிலிருந்து வரும் நிர்வாணச் சித்திரங்களுக்கு இது சுங்கத்திலேயே தேவைப்படலாம். எஃப்.என். சூசா, அக்பர் பதம்சி ஆகியோரின் சித்திரங்களை ஆபாசம் என்று மும்பை சுங்கத்துறை பறிமுதல் செய்ததை, 2024 அக்டோபரில் பம்பாய் உயர் நீதிமன்றம் ரத்து செய்து திருப்பிக் கொடுக்கச் சொன்னது. அந்தத் தீர்ப்பின் பிரதி உங்கள் கோப்பில் இருக்கட்டும்.

கூடத்துக் காவலர்களையும் உட்கார வைத்துப் படைப்பை விளக்குங்கள். முதல் கேள்வி அவர்களிடம்தான் வரும்.

12. திறப்பு விழாவுக்குப் பிறகு

விழா முடிந்ததும் துறை அடுத்த வேலைக்கு ஓடிவிடும். வாரம் ஒருமுறை கூடத்தைச் சுற்றி வர ஒரு ஆளை நியமியுங்கள். அணைந்த புரொஜெக்டர், தளர்ந்த கம்பி, குழந்தைகள் தொடும் உயரத்தில் இருக்கும் விளிம்பு எல்லாம் அப்போதுதான் தெரியும்.

படைப்பை இறக்கும்போது, அது வந்தபோது இருந்த நிலையைக் குறித்து எழுதிய நிலை அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு, அதே வெளிச்சத்தில், அதே கோணத்தில் புகைப்படம் எடுங்கள். இல்லாவிட்டால் பழைய கீறலுக்கு நீங்கள் பணம் கட்டுவீர்கள்.

ஒரு மாதத்துக்குள் கோப்பை மூடுங்கள். திருப்பிக் கொடுத்த ரசீதுகள், உண்மையான செலவு, சுவர் வண்ண எண், கூட வரைபடம், யார் எந்தப் பெட்டியைக் கட்டினார்கள் என்பது எல்லாம் அதில் இருக்க வேண்டும். கலைஞருக்குச் சேர வேண்டிய மீதித் தொகையையும், நிறுவலின் நல்ல புகைப்படங்களையும் அதே மாதத்தில் அனுப்பிவிடுங்கள்.